நாலு கிலோ நம்பிக்கை

எந்தக் குடும்பத்தின் தலையிலும் மழை விழக்கூடாது என்ற உயர்ந்த நோக்கத்தோடு, நாற்பது ஆண்டுகளுக்கு முன் வீட்டுக்கடன் நல வாரியம் நிறுவப்பட்டது. நல்ல காரியத்தை வீட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்பார்கள் அல்லவா, வாரியமும் முதலில் தனக்கு ஒரு கூரை போட்டுக்கொண்டது. ஏழு மாடிக்கு மேலே கண்ணாடிக் கூரை. கூரைக்கு நேர் கீழே, கூடத்தின் நடுவில், ஒரு நீரூற்று. வெளியே வெயில் அடிக்கும்போதும் தண்ணீர் விழும் சத்தம் காதில் இருக்க வேண்டும், அப்போதுதான் ஊழியர்களுக்குத் தங்கள் கடமை மறக்காது என்று தலைவர் சொல்லியிருந்தார்.

அந்த நீரூற்றைச் சுற்றிக்கொண்டு தராசுக்காரர் உள்ளே போனார். கையில் துணிப்பை. பைக்குள் மனைவியின் மருத்துவச் சீட்டும், பழக்கதோஷத்தால் ஒரு திருப்புளியும் இருந்தன.

கடைத் தராசு, கிடங்குத் தராசு, பிறந்த குழந்தையை நிறுக்கும் ஆஸ்பத்திரித் தராசு என்று ஊரில் உள்ள எல்லாத் தராசுகளையும் பழுதுபார்ப்பது அவர் தொழில். காலையில் பட்டறையைத் திறந்ததும் கண்ணை மூடி ஒரே ஒரு வேண்டுதல் வைப்பார். "கடவுளே, இன்னைக்கு என் கையால ஒரு கிராம் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்." முப்பது வருஷமாக அதற்குமேல் அவர் எதையும் கேட்டதில்லை. இப்போதுதான் கேட்கவேண்டி வந்தது.

மனைவி நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டதால் மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்தச் சமயம் பார்த்து அடித்த காற்றில், படுக்கையறைக் கூரையில் பாதி பறந்துவிட்டது. படுக்கிற அறை ஒன்று, சமைக்கிற அறை ஒன்று. வீடே அவ்வளவுதான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார். "இன்னும் பன்னெண்டு நாள்ல கூட்டிட்டுப் போகலாம். ஆனா காஞ்ச அறை வேணும். ஈரம் பட்டு அவங்க திரும்ப இங்க வந்தா, அப்புறம் என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

கூரைக்கு இருபதாயிரம் ஆகும். கையில் ஆறாயிரம் இருந்தது. மழைக்காலம் வாசலில் நின்றது.

கடன் பிரிவின் பகுதி அதிகாரி இளைத்த உடம்பும் பளபளக்கும் சட்டையுமாக இருந்தார். மேசைமேல் ஒரு தூசி இல்லை, ஒரு தாளும் இல்லை.

"எந்தப் பக்கம்?"

"கீழ்ப்பக்கம் சார். தண்டவாளத்துக்கு அந்தாண்ட."

அதிகாரி திறந்த பேனாவை மூடினார். எழுந்து போய்ச் சுவரில் இருந்த வரைபடத்தின் முன் நின்றார். ரயில் பாதை ஊரை இரண்டாக வெட்டியிருந்தது. மேல்பக்கம் முழுக்கச் சிவப்புக் குண்டூசிகள். ஊசி குத்த இடம் இல்லாமல் ஊசிமேல் ஊசி. கீழ்ப்பக்கம் துவைத்த வேட்டி மாதிரி வெளேரென்று இருந்தது.

"இது என்ன தெரியுதா?"

"எங்க பக்கம் சார்."

"எங்க அவமானம்." அதிகாரியின் குரல் தழுதழுத்தது. "மேல்பக்கத்துல ஒரு குடும்பத்தோட சராசரி வீட்டுக்கடன் எவ்வளவு தெரியுமா? பதினேழு வருஷச் சம்பளம். உங்க பக்கத்துல? நாலு நாள் கூலி. அதுவும் ஒருத்தர் எங்க கவுண்டர்ல பேனா வாங்கிட்டுத் திருப்பித் தராம போனதால வந்த கணக்கு. எப்படிய்யா இத்தனை வருஷம் கடனில்லாம வாழ்ந்தீங்க? கூச்சமா இல்ல?"

தராசுக்காரருக்கு உண்மையிலேயே கூச்சமாகிவிட்டது. "கேக்கணும்னு தோணலை சார். கூரை நல்லாதான் இருந்துச்சு."

"கடனே இல்லாத இடத்துல எதை நம்பிக் கடன் கொடுக்கறது? ஏற்கெனவே கழுத்துவரைக்கும் முங்கினவன் எங்கயும் ஓட மாட்டான். அவன்தான் எங்களுக்குப் பாதுகாப்பு. நீங்க காத்து மாதிரி திரியறீங்க. உங்களை எங்க பிடிக்கறது?"

"சார், எங்க தொழில்ல ஒண்ணு உண்டு. தட்டு காலியா இருக்கும்போது முள்ளு பூஜ்யத்துல நின்னா, அதுதான் நல்ல தராசு."

"எங்க தொழில்ல முள்ளு பூஜ்யத்துல நின்னா அது செத்த தராசு."

அந்த நேரத்தில் மேல்பக்கத்துக் கனவான் ஒருவர் வந்து பக்கத்து நாற்காலியில் அமர்ந்தார். அவருக்குக் காபி வந்தது. அவர் வீட்டில் அவரும் அவருடைய மச்சானும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் மாடிக்குப் போக இரண்டாவது படிக்கட்டு ஒன்று கட்ட வேண்டுமாம்.

"போன கடன் எதுக்கு வாங்கினீங்க சார்?" என்று அதிகாரி பணிவாகக் கேட்டார்.

"அதுக்கு முந்தின கடனோட வட்டி கட்ட."

"அருமை சார்." ஒரே ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். நூற்றுக்கு நாலு வட்டி. காபி ஆறுவதற்குள் கனவான் போய்விட்டார். மீதிக் காபியை ஊழியர் ஒருவர் வந்து மரியாதையாக எடுத்துப் போனார்.

"எனக்கும் நாலு வட்டிதானா சார்?" என்றார் தராசுக்காரர்.

"உங்க பகுதிக்குப் பத்தொம்பது. பழக்கமில்லாதவங்களுக்குக் கொஞ்சம் அழுத்தமா கொடுத்தாதான் பழக்கம் வரும். அப்புறம், கோப்பு. மேல்பக்கத்துக்கு இருநூறு கிராம் போதும். உங்க பக்கத்துக்கு நாலு கிலோ."

"நாலு கிலோவா? என்னென்ன தாள் சார் வைக்கணும்?"

"என்ன தாளா இருந்தா என்ன? எங்ககிட்ட படிக்க ஆள் இல்லை. நிறுக்கத்தான் ஆள் இருக்கு. நம்பிக்கை எங்க குறைச்சலோ, அங்க காகிதம் கனமா இருக்கணும். மேல ஒரு கடனில்லாச் சான்று மட்டும் கட்டாயம். அதுல உங்களுக்குக் கடன் கொடுத்தவர் கையெழுத்துப் போடணும்."

"எனக்குத்தான் யாரும் கடன் கொடுக்கலையே சார்."

"அதைத்தான் அவர் எழுதித் தரணும்."

வீட்டுக்குப் போன தராசுக்காரர், தெருவில் இதைச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே வாசலில் நின்றார். எதிர்வீட்டுத் தையல்கார அக்கா முகத்தைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னண்ணே, கொடுத்தாங்களா?"

"நாலு கிலோ பேப்பர் கேக்கறாங்கம்மா."

"பழைய பேப்பர் வியாபாரமா பண்றாங்க?" என்றாள் அவள். ஆனால் அன்று மாலையே தன் அளவுத் தாள்களை எல்லாம் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தாள். மூலைக் கடை ரொட்டிக்காரர் ஐந்து வருஷத்து மாவு ரசீதுகளைக் கொண்டுவந்தார். தட்டினால் வெள்ளையாகப் புகைந்தது. கடன் கொடுக்காததற்குச் சான்றும் அவரே எழுதிக் கொடுத்தார். "இவருக்கு நான் கடன் கொடுத்ததே இல்லை, கேட்டால் கொடுப்பேன்" என்று எழுதியிருந்தார். பக்கத்து வீட்டு லாரி டிரைவர் தயங்கித் தயங்கி ஒரு கற்றையை நீட்டினான்.

"வேகமா போனதுக்குப் போட்ட அபராத ரசீதுண்ணே. இருபத்திரெண்டு இருக்கு. எல்லாம் கெட்டித் தாளு. அண்ணிக்குன்னுதான் கொடுக்கறேன், என் பொண்டாட்டிகிட்ட மட்டும் காட்டிடாதீங்க."

தராசுக்காரர் எல்லாவற்றையும் அடுக்கிப் பட்டறைத் தராசில் வைத்தார். மூன்று கிலோ எண்ணூற்று எண்பது. மீதி நூற்றிருபது கிராமுக்கு வீடு முழுக்கத் தேடினார். மனைவியின் நெஞ்சு எடுத்த எக்ஸ்ரே படங்கள் இருந்தன. கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, அவற்றை மட்டும் வைக்க மனம் வராமல் மறுபடி அலமாரியில் வைத்தார். குறைந்தது குறைந்ததாகவே இருக்கட்டும், கெஞ்சிப் பார்க்கலாம் என்று மறுநாள் கோப்பைத் தோளில் சுமந்துகொண்டு போனார்.

வாரியத்தின் நிறுவை அறை படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. நிறுவைக் குமாஸ்தா கழுத்தில் மப்ளரோடு உட்கார்ந்திருந்தார். இருபது வருஷமாகப் பிறருடைய கோப்புகளைத் தூக்கித் தூக்கி அவருக்கு ஒரு தோள் இறங்கிப் போயிருந்தது. கோப்பை வாங்கித் தராசில் வைத்தார். முள் ஓடிப்போய் நாலு கிலோ இருபதில் நின்றது.

"பாஸ்" என்று குமாஸ்தா முத்திரையை எடுத்தார்.

தராசுக்காரருக்குச் சந்தோஷம்தான். ஆனால் முப்பது வருஷத்துக் கண் சும்மா இருக்குமா? கோப்பை வைப்பதற்கு முன்னால், காலித் தட்டிலேயே முள் நூற்று நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்ததை அது பார்த்துவிட்டது.

"சார், உங்க தராசு..."

குமாஸ்தா முத்திரையை அந்தரத்தில் நிறுத்தினார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஐயா, எனக்கும் தெரியும். ஆறு வருஷமா தெரியும். கீழ்ப்பக்கத்து ஜனங்களுக்கு இந்தக் கட்டடத்துலயே சாதகமா இருக்கறது இந்தத் தராசு ஒண்ணுதான். நான் முத்திரை குத்தறேன், நீங்க வாயத் திறக்காதீங்க. சரியா?"

நல்ல மனிதர். தராசுக்காரர் தலையாட்டினார். முத்திரையும் மையில் பட்டது. ஆனால் அவர் மனதுக்குள் காலை வேண்டுதல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கிராம் கூடவும் வேண்டாம். பொய் நிறுவையில் வாங்கிய தகரத்தைத் தலைக்கு மேலே போட்டு, அதற்குக் கீழே அவளைப் படுக்க வைப்பதா? கை தானாகப் பைக்குள் போனது. என்ன செய்கிறோம் என்று அவருக்கே புரிவதற்குள், குனிந்து, தட்டுக்கு அடியில் இருந்த சின்னத் திருகை ஒரு கால் சுற்றுத் திருப்பிவிட்டார். முள் இறங்கி மூன்று கிலோ எண்ணூற்று எண்பதில் சாதுவாக நின்றது.

"அடப்பாவி மனுஷா" என்றார் குமாஸ்தா.

அந்த வழியாகப் போன பகுதி அதிகாரி நின்றுவிட்டார். தராசைப் பார்த்தார், திருப்புளியைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார். நூற்றிருபது கிராம் குறைவு என்று சிவப்பு மையில் எழுதினார். பிறகு சட்டத்தைப் புரட்டினார்.

"வாரியத்தோட சொத்தைத் தொட்டதுக்கு அபராதம் உண்டு. நேர்மைக்குப் பாராட்டும் உண்டு. சிக்கனமா ரெண்டையும் ஒரே தாள்ல அடிச்சுத் தர்றோம். வேணும்னா அதைக் கோப்புல சேத்துக்குங்க. அஞ்சு கிராம் இருக்கும்."

சாயங்காலம் ஆஸ்பத்திரியில், இரும்புக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, நடந்ததை மனைவியிடம் சொல்லிவிட்டார். மறைக்கத் தெரியாது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"நூத்திருபது கிராமா?"

"ஆமா."

"இங்க வந்து நான் ஆறு கிலோ இளைச்சிருக்கேன். அதுல கொஞ்சம் எடுத்துக்கச் சொல்ல வேண்டியதுதானே?"

"விளையாடாத."

"விளையாடலைங்க." மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள். "திருகை முடுக்காம வந்திருந்தா, நீங்க கூரையைப் போட்டுட்டு அதுக்குக் கீழ தூங்காம உக்காந்திருப்பீங்க. உங்களை எனக்குத் தெரியாதா? போங்க, சாப்பிட்டீங்களா?"

அவர் சாப்பிடவில்லை. சாப்பிட்டேன் என்றார். அன்று அவர் சொன்ன ஒரே பொய் அது. அதை அவள் எடை போட்டுப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் கீழ்ப்பக்கத்துக்கு வாரியமே வந்தது. பகுதி வேறுபாட்டை ஒரேயடியாக ஒழிக்கப் போகிறார்களாம். தெருமுனையில் இருபது அடி நீளத்துக்குக் கெட்டித் தகரத்தில் விளம்பரப் பலகை எழுப்பினார்கள். அதில் தலைவரின் முகம் ஒரு பல்கூட மறையாமல் சிரித்தது. பக்கத்தில் கொட்டை எழுத்தில் "கடனில் சமம், கனவில் சமம்." அந்தப் பலகைக்கு ஆன செலவில் தெருவுக்கே கூரை மாற்றியிருக்கலாம் என்று தையல்கார அக்கா கணக்குச் சொன்னாள்.

தலைவர் பந்தலின் கீழ் நின்று பேசினார். கூட்டம் வெயிலில் உட்கார்ந்திருந்தது.

"அன்பு மக்களே! மேல்பக்கம் கடனில் மிதக்கிறது. கீழ்ப்பக்கம் வறண்டு கிடக்கிறது. இதைப் பார்த்துக்கொண்டு என்னால் தூங்க முடியவில்லை. மருத்துவர் மாத்திரை கொடுத்தார், அப்படியும் மத்தியானத்தில்தான் தூக்கம் வருகிறது. உங்களுக்குக் கடன் கொடுத்தால் பணம் செலவாகும். கொடுக்காவிட்டால் வேறுபாடு நீடிக்கும். நான் ஒரு வழி கண்டேன். மேல்பக்கத்தின் கடனையெல்லாம் கூட்டினோம். ஊரில் உள்ள எல்லாக் குடும்பங்களாலும் வகுத்தோம். உங்கள் பங்கை உங்களுக்கே கொடுத்துவிட்டோம்! இன்றுமுதல் நீங்களும் அவர்களும் சமம். ஒரு காசு செலவில்லாமல் ஓர் ஊரைச் சமமாக்கிய முதல் வாரியம் இது!"

மேடையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். ரொட்டிக்காரர் எழுந்து, "ஐயா, அப்போ பணம்?" என்று கேட்டார்.

"பணம் மேல்பக்கத்தில் ஏற்கெனவே செலவாகிவிட்டது. கவலைப்படாதீர்கள், அசலை நீங்கள் கட்ட வேண்டாம். அவ்வளவு இரக்கமில்லாதவர்களா நாங்கள்? மாதாமாதம் வட்டி மட்டும் கட்டினால் போதும்."

மறுநாள் வீட்டுக்கு வீடு சமநிலைப் பத்திரம் வந்தது. பெரிய தட்டு அகலம், பொன்னிற ஓரம், மெழுகு பூசிய கெட்டி அட்டை. மழையில் போட்டாலும் நூறு வருஷம் கெடாது என்று கொண்டுவந்தவரே பெருமையாகச் சொன்னார். உள்ளே, தராசுக்காரர் குடும்பத்தின் பங்கு ஒன்பது வருஷக் கூலி என்று அச்சிட்டு, "வாழ்த்துகள்" என்று முடித்திருந்தார்கள்.

தராசுக்காரர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். தன் மனைவி மூச்சுக்குத் திணறும்போது, யாரோ மச்சான் முகத்தில் விழிக்காமல் ஏறும் படிக்கட்டுக்குத் தான் வட்டி கட்ட வேண்டும். வாயில் ஏதோ அழுகியதைக் கடித்தது போல் இருந்தது அவருக்கு. முற்றத்தில் போய்த் துப்பிவிட்டு வந்தார். ஆனாலும் அவர் எதிலும் ஒரு நல்லதைத் தேடுகிற ஆள். இப்போதுதான் நமக்கும் கடன் வந்துவிட்டதே, இனி நம்பிக் கொடுப்பார்களே என்று தோன்றியது. பத்தாம் நாள் காலை பத்திரத்தை எடுத்துக்கொண்டு போனார்.

பகுதி அதிகாரி எழுந்து கை குலுக்கினார். காபிகூட வந்தது. சுவரில் கீழ்ப்பக்கம் முழுக்கச் சிவப்பு ஊசி.

"சார், இப்போ எனக்குக் கடன் இருக்கு. அந்த இருபதாயிரம்..."

"வாய்ப்பே இல்லை." அதிகாரியின் முகத்தில் உண்மையான வருத்தம். "ஒன்பது வருஷக் கூலிக்குக் கடன் வச்சிருக்கீங்க. உங்க வருமானத்துக்கு இது ரொம்ப அதிகம். இதுக்கு மேல கொடுத்தா நாங்க பொறுப்பில்லாதவங்க ஆயிடுவோம். ஒரு மனுஷன் இப்படியா கடன்ல முங்குறது? கொஞ்சம் கட்டுப்பாடா இருந்திருக்கக் கூடாதா?"

தராசுக்காரர் காபியைத் தொடவில்லை. வெளியே வரும்போது நீரூற்று சலசலத்தது. அந்தச் சத்தம் வீடுவரைக்கும் காதை விட்டுப் போகவில்லை. இரண்டு நாள்தான் மிச்சம்.

பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் அவர் பட்டறையில் வேண்டுதலுக்காகக் கண்ணை மூடினார், சொல்ல வார்த்தை வரவில்லை. அப்போது தெருவில் தரதரவென்று பெரிய சத்தம். எட்டிப் பார்த்தால், தலைவரின் நெற்றி தெருவில் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. ஒரு முனையை லாரி டிரைவரும் மறுமுனையை ரொட்டிக்காரரும் பிடித்திருந்தார்கள்.

"ஐயோ, என்ன காரியம் பண்றீங்க? அது வாரியத்தோடது!"

"பதறாதீங்கண்ணே," என்றான் லாரி டிரைவர். "பலகை வச்ச காண்ட்ராக்டரைக் கேட்டுட்டுதான் கழட்டினோம். கூட்டம் முடிஞ்சதும் பிரிச்சுக் குப்பையில போடச் சொல்லிப் பணமும் கொடுத்துட்டாங்களாம். லாரி வாடகை மிச்சம், எடுத்துக்கிட்டுப் போய்த் தொலைங்கன்னான். எழுதியே வாங்கிட்டேன். உங்களைத் தெரியாதா எனக்கு?"

சீட்டை வாங்கி இரண்டு தரம் படித்த பிறகுதான் தராசுக்காரருக்கு மூச்சு வந்தது. தையல்கார அக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டாள். தகரம் தகரமாக ஏறியது. நெற்றி ஒரு பக்கம், பல் ஒரு பக்கம், "கனவில்" என்பது தலைகீழாக. தகரத்துக்கும் தகரத்துக்கும் நடுவே சந்து விழுந்தது. என்ன வைத்து அடைப்பது என்று எல்லோரும் யோசித்தபோது, அக்கா உள்ளே போய்த் தன் வீட்டுச் சமநிலைப் பத்திரத்தை எடுத்துவந்து செருகினாள். அளவெடுத்தாற்போல் பொருந்தியது.

"நூறு வருஷம் கெடாதாமே" என்றாள்.

அரைமணி நேரத்தில் தெருவின் பத்திரம் எல்லாம் கூரைக்குப் போய்விட்டது.

ஆணி போதவில்லை. கடை எல்லாம் பூட்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து மப்ளரைச் சுற்றிக்கொண்டு, ஒரு தோள் இறங்கிய மனிதர் ஒருவர் வீடு விசாரித்துக்கொண்டு வந்தார். நிறுவைக் குமாஸ்தா. கையில் ஒரு காகிதப் பொட்டலம்.

"அன்னைக்கு உங்களைத் திட்டிட்டேன். அப்புறம் எனக்குத் தூக்கமே வரலை" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "கூரை ஆணி. எங்க வீட்டுல கிடந்துச்சு. உதவுமான்னு தெரியலை. நீங்க நிறுத்து வாங்கற ஆளு, நிறுத்துக்குங்க."

தராசு பக்கத்திலேயே இருந்தது. தராசுக்காரர் பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கினார். நிறுக்கவில்லை. தொழிலுக்கு வந்த முப்பது வருஷத்தில் அவர் நிறுக்காமல் வாங்கியது அது ஒன்றுதான்.

பன்னிரண்டாம் நாள் மனைவி வீட்டுக்கு வந்தாள். கட்டிலில் படுத்து மேலே பார்த்தாள். நேர் மேலே ஒரு கண்ணும் பதினாறு பல்லும்.

"இது யாருங்க?"

"வாரியத் தலைவர்."

"பரவாயில்லையே, நேர்லயே வந்துட்டாரு" என்றாள். வெகுநாளைக்குப் பிறகு இருமாமல் சிரித்தாள்.

ஒரு வாரம் கழித்து, வானம் கறுத்திருந்த ஒரு சாயங்காலம், பகுதி அதிகாரி பெரிய பேரேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். கீழ்ப்பக்கத்தில் பதிவாகாத வீட்டுக்கடன் நடப்பதாகத் தகவலாம். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"தகரம், ஆணி, ஆறு பேர் உழைப்பு. இது எல்லாம் கடன். யார் யாருக்கு எவ்வளவு திருப்பித் தரணும்? உண்மையைச் சொல்லுங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க, அது எங்க கோப்புலயே இருக்கு."

தராசுக்காரர் யோசித்தார். கூரை போட்ட அன்றைக்கே அவர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய் எவ்வளவு தரவேண்டும் என்று கேட்டிருந்தார். ரொட்டிக்காரர் சண்டைக்கே வந்துவிட்டார். அக்கா கதவைச் சாத்திக்கொண்டாள்.

"பூஜ்யம் சார்" என்றார்.

அதிகாரி பேரேட்டில் எழுதவில்லை. "அது இருக்கட்டும். இந்த மாச வட்டிக்கு அசல் பத்திரத்துல முத்திரை வைக்கணும். முத்திரை இல்லாம வட்டி வாங்கினா என் வேலை போயிடும். இந்தத் தெருவுல ஒரு வீட்டுலகூடப் பத்திரம் இல்லைங்கறாங்க. உங்களது எங்க?"

தராசுக்காரர் விரலால் மேலே காட்டினார்.

அதிகாரி அண்ணாந்து பார்த்தார். தன் தலைவரின் ஒற்றைக் கண் தன்னையே பார்ப்பதைக் கண்டு அரை நொடி விறைத்துப்போனார். பிறகு சந்துகளில் பொன்னிற ஓரம் மின்னியதையும் பார்த்துவிட்டார்.

"வாரியத்தோட பத்திரத்தைக் கூரைல செருகறதா?"

"நல்லா அடைக்குது சார்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் சடசடவென்று ஒரே சத்தம். கடமை என்று வந்துவிட்டால் மழை என்ன, வெயில் என்ன? அதிகாரி நாற்காலிமேல் ஏறினார், கைக்கு எட்டிய ஒரு பத்திரத்தைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார்.

தண்ணீர் ஒரு கோடாக இறங்கியது. முதலில் அவர் பளபளச் சட்டையில். பிறகு கட்டில் ஓரத்தில் விரித்து வைத்திருந்த பேரேட்டில். கீழ்ப்பக்கத்துக் கணக்கு முழுவதும் நீல மையாகக் கரைந்து ஓடியது. பிறகு, கொஞ்சம் சாய்ந்து, கட்டிலின் தலைமாட்டை நோக்கி. படுத்திருந்தவளுக்கு இருமல் வந்தது. அடுத்து இன்னொன்று. இழுத்து இழுத்து, நிற்காத இருமல்.

தராசுக்காரர் ஓடிப்போய் அவளை அணைத்துப் போர்வையால் மூடினார். "சார்! அடைங்க சார்!"

அதிகாரி கையில் இருந்த பத்திரத்தைப் பார்த்தார். இருமலைக் கேட்டார். அவருக்கும் வீட்டில் யாராவது இருமியிருப்பார்கள் போலிருக்கிறது. எந்தச் சட்டத்தையும் புரட்டிப் பார்க்காமல், பத்திரத்தைப் பழைய சந்திலேயே திணித்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் நின்றது.

"கையை எடுத்துடாதீங்க. ஆணி கொண்டு வர்றேன்" என்று தராசுக்காரர் பட்டறைக்கு ஓடினார்.

ஆணியும் சுத்தியலும் தேடி வரப் பத்து நிமிடம் ஆனது. அதுவரைக்கும் அதிகாரி நாற்காலிமேல், தலைவரின் பல்வரிசையைத் தாங்கியபடி, கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். முழங்கை வழியாக அக்குளுக்குத் தண்ணீர் இறங்கியது. கையை எடுக்கவில்லை.

"வலிக்குதா சார்?" என்று போர்வைக்குள்ளிருந்து கேட்டாள் அவள்.

"இல்லம்மா" என்றார் அவர். "இதை எந்தப் பத்தியில எழுதறதுன்னுதான் யோசிக்கறேன்."

"எழுதாதீங்க சார். சும்மா இருக்கட்டும்."

எந்தக் குடும்பத்தின் தலையிலும் மழை விழக்கூடாது என்று வாரியம் நிறுவப்பட்டு நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. அதன் அதிகாரி ஒருவர் ஒரு குடும்பத்தின் தலையில் மழை விழாமல் தடுத்தது அந்தப் பத்து நிமிடம்தான். ஆண்டறிக்கையில் அது இல்லை. மழை விட்டதும் அவர் தலையைத் துவட்டிக்கொண்டு, நனைந்த பேரேட்டைத் தூக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் தண்டவாளத்தைத் தாண்டிப் போனார்.

அடுத்த மாதம் தெருவில் எல்லா வீட்டுக்கும் வாரியத்திலிருந்து புதிய பத்திரம் வந்தது. பழைய பத்திரம் தொலைந்ததற்கு அபராதம், அபராதத்துக்கு வட்டி. தராசுக்காரர் படித்துவிட்டு, விரலால் தடவிப் பார்த்தார். இந்தத் தடவை அட்டை இன்னும் கெட்டி. மெழுகும் நன்றாகப் பூசியிருந்தார்கள்.

அக்கா தன் வீட்டுச் சமையலறையில் ஓர் ஓரம் ஒழுகுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏணியை எடுத்துக்கொண்டு போனார்.